மழை நேரத்தில் டிப்ளோய் பாதியில் அறுகிறது: உதவி தேவை

ஹட்டனிலிருந்து:
வணக்கம். ஒரு தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து நிறுவைக் கணக்குக்காக லாரவெல்லில் (பிஎச்பி மொழிக்கான கட்டமைப்பு) எழுதிய செயலியை நான் பராமரிக்கிறேன். மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், நிறுக்கும் கிலோவைக் கணக்கப்பிள்ளைமார் கைப்பேசியிலேயே பதிகிறார்கள். புதிய பதிப்பு வந்தால், என் மடிக்கணினியிலிருந்து ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் கருவி மூலம் கோப்புகளைச் சேர்வரில் நேரே இயங்கும் கோப்புறைக்குள் அனுப்பும். இதுதான் என் டிப்ளோய். பின்னேர மழை பிடித்தால் இணைப்பு போய்விடுகிறது. பாதிக் கோப்பு புதிது, பாதி பழையது. உடனே 500 பிழை, செயலி திறக்காது. அந்தி நிறுவைக்கு ஆட்கள் கூடையோடு வரிசையில் நிற்கும் நேரம் அது. பதியாத கிலோ அவர்களுடைய சம்பளம். என்ன செய்யலாம்?

நுவரெலியாவிலிருந்து:
சேர்வரில் டிமக்ஸ் (இணைப்பு போனாலும் சேர்வரில் வேலையை ஓடவிடும் கருவி) திறந்து அதற்குள் ஓட்டிப் பாருங்கள்.

பண்டாரவளையிலிருந்து:
கோப்புகள் மடிக்கணினியிலிருந்து போவதால் டிமக்ஸ் இங்கே காப்பாற்றாது. தங்கச்சி, இயங்கும் கோப்புறையின்மேல் எழுதுவதையே நிறுத்துங்கள். டிப்ளோய் செய்வதற்கான கருவியான கப்பிஸ்ட்ரானோவைப் பயன்படுத்துங்கள். அது ரூபி மொழியில் எழுதப்பட்டது என்றாலும் பிஎச்பி செயலிக்கும் பொருந்தும். ஒவ்வொரு பதிப்பையும் அது ‘ரிலீசஸ்’ என்ற கோப்புறைக்குள் நேர முத்திரையிட்ட தனி இடத்தில் வைக்கும். எல்லாம் சரியாக முடிந்த பிறகுதான் ‘கரண்ட்’ என்ற சிம்லிங்க் (வேறொரு கோப்புறையைச் சுட்டும் இணைப்பு) புதியதைக் காட்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் பழைய பதிப்பு குலையாமல் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு நன்மை: கிட் (Git) களஞ்சியத்திலிருந்து நிரற்குறியீட்டை (code) எடுப்பது சேர்வரே, மலையிலிருந்து போவது கட்டளைகள் மட்டும். அமைப்பு விவரங்கள் உள்ள என்வ் கோப்பையும், செயலி சேமிப்பவை இருக்கும் ஸ்டோரேஜ் கோப்புறையையும், எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான பகிர்வுப் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் புதிய பதிப்பு அவை இல்லாமலே எழும்பும்.

ஹட்டனிலிருந்து:
மிக்க நன்றி அண்ணா. அமைத்துவிட்டேன், கட்டளையும் பிழையின்றி முடிகிறது. கரண்ட் புதிய பதிப்பைத்தான் காட்டுகிறது, ஆனால் பிரவுசரில் பழைய பக்கமே வருகிறது!

பண்டாரவளையிலிருந்து:
வலைச் சேர்வராக என்ஜின்எக்ஸ் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் அதன் அமைப்புக் கோப்பில் பிஎச்பிக்குப் போகும் ஸ்கிரிப்ட் ஃபைல்நேம் வரியைப் பாருங்கள். அங்கே டொகியுமென்ட் ரூட் என்றிருந்தால், பதிப்பு மாறினாலும் பாதை ‘கரண்ட்’ என்றே போகும். பிஎச்பி கோப்புகளை நினைவகத்தில் வைத்திருக்கும் ஓப்கேஷ் பழைய கோப்பையே கொடுக்கும். அதை ரியல்பாத் ரூட் (சிம்லிங்க் சுட்டும் உண்மையான பாதை) என்று மாற்றி என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யுங்கள். டொகியுமென்ட் ரூட் என்ற வரியையும் அப்படியே மாற்றுங்கள்.

ஹட்டனிலிருந்து:
மாற்றியதும் புதிய பக்கம் வந்துவிட்டது. பிழையான பதிப்பு போய்விட்டால், முந்தைய பதிப்புக்குத் திரும்பும் ரோல்பேக் கட்டளை போதுமா?

பண்டாரவளையிலிருந்து:
நிரற்குறியீட்டுக்குப் போதும். முந்தைய பதிப்புகள் சேர்வரிலேயே இருக்கும், வழக்கமாக இப்போதையதையும் சேர்த்து 5. தரவுத்தளம் மட்டும் தானாகப் பின்னால் போகாது. ஆகவே நிறுவை அட்டவணையில் ஒரு நெடுவரிசையை (column) நீக்க வேண்டுமானால், அதைப் பயன்படுத்தாத நிரற்குறியீட்டை முதலில் அனுப்பி, சில நாள் ஓடவிட்டு, அடுத்த பதிப்பில் நீக்குங்கள். மைக்ரேஷன் (தரவுத்தள அமைப்பு மாற்றம்) உள்ள பதிப்பைக் காலை நிறுவை முடிந்து, பகல் நிறுவைக்கு முன் அனுப்புவது நல்லது.