இரவு பத்து மணிக்கு மேல்தான் எழுத வருகிறது, ஏற்காட்டில் ரூம் எடுத்துத் தங்கினால் நாவல் முடியுமா?

அஸ்தம்பட்டிக்காரன்:
வணக்கம். சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். நாலைந்து சிறுகதைகள் பத்திரிகையில் வந்திருக்கின்றன. இப்போது செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதியில் நிற்கிறது. எனக்குச் சில பழக்கங்கள் உண்டு. கோடு போடாத தாள்தான் வேண்டும், மை ஊற்றி எழுதுகிற பேனாதான் வேண்டும், வீட்டில் எல்லாரும் படுத்து டிவி சத்தம் அடங்கிய பிறகுதான் வாக்கியமே வரும். முன்பு இது ஓடியது. இப்போது கடையில் தீபாவளி, பொங்கல், முகூர்த்தம் என்று சீசன் மாறி மாறி வருவதால் பத்து மணிக்கு உட்கார்ந்தால் கண் சொருகுகிறது. லீவு போட்டுவிட்டு ஏற்காட்டில் ஒரு ரூம் எடுத்து ஒரே மூச்சில் முடித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுகிறவர்கள் உங்கள் பழக்கத்தைச் சொல்லுங்கள்.

ஆத்தூர் தபால்:
தம்பி, நான் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் எனக்கு ஆந்தனி டிரோலப் மேல் தனிப் பிரியம். இங்கிலாந்தில் தபால் அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே நாவல் எழுதிக் குவித்தவர், மொத்தம் 47. காலை ஐந்தரைக்கு மேஜைக்கு வந்துவிடுவாராம். எழுப்பிவிட்டு காபி கொடுக்கிற வேலையாளுக்கு அதற்கென்றே வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். முதல் அரை மணி நேரம் முந்தின நாள் எழுதியதை வாசிப்பார், அப்புறம் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை. எட்டரைக்கு எழுந்துவிடுவார், அதற்குப் பிறகு நாள் முழுக்க ஆபீஸ் வேலை. ரயிலில் ஊர் ஊராகப் போகும்போது மடியில் பலகை வைத்துப் பென்சிலால் எழுத, அதை அவர் மனைவி பிரதி எடுத்துக் கொடுத்தார். தாள், பேனா, அமைதி எதுவும் அவரைத் தடுக்கவில்லை, நேரம் மட்டும் மாறாமல் இருந்தது.

நம்ம ஊரிலேயே பாருங்களேன். மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவில் கருணாநிதியும் கண்ணதாசனும் இருந்தபோது மூடு வரட்டும் என்று காத்திருக்க முடியுமா? டி.ஆர். சுந்தரம் நேர விஷயத்தில் கறாரான முதலாளி, செட்டில் ஆட்கள் வசனத்துக்குக் காத்திருப்பார்கள். ஏற்காடு ரோட்டில் அந்த நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது, நீங்கள் தினமும் பார்க்கிற இடம்தான். நேரத்தை ராத்திரியில் இருந்து விடிகாலைக்கு மாற்றுங்கள், ரூம் வேண்டியதில்லை.

அம்மாபேட்டை அகிலா:
தபால் ஐயா சொன்னதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. விடிகாலை ஐந்தரைக்கு டிரோலப் எழுதினார், சரி, எங்கள் வீட்டில் ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வரும், அது முடிந்தால் பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ். அந்த மனிதருக்குக் காபி கொடுக்க ஒரு ஆள், எழுதியதைப் பிரதி எடுக்க மனைவி. அதையும் சேர்த்துத்தான் அவருடைய பழக்கத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு விசைத்தறி சத்தம் ராத்திரி பகல் பார்க்காது, நான் அமைதிக்குக் காத்திருந்தால் ஒரு கதையும் எழுதியிருக்க மாட்டேன்.

நான் செய்வது இதுதான். வெண்டைக்காய் நறுக்கும்போது போனில் ரெக்கார்ட் போட்டுவிட்டு ஒரு காட்சியை வாயால் சொல்லிவிடுவேன், மத்தியானம் அதைக் கேட்டு எழுதுவேன். கண்ணதாசன் பாட்டைச் சொல்லச் சொல்ல உதவியாளராக இருந்த பஞ்சு அருணாசலம் எழுதிக்கொண்டாரே, அந்த வழிதான். வாயால் சொல்லும்போது பேச்சு பேச்சாகவே வருகிறது, பட்டறை ஆட்கள் எழுத்து நடையில் பேச மாட்டார்கள். அண்ணா, நீங்கள் கடைக்குப் போகிற வழியில் ஒரு காட்சியைச் சொல்லிப் பாருங்கள்.

சேர்வராயன் மேடு:
நான் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன், கவிதை எழுதுவேன். ரூம் எடுத்து எழுத வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாதிப் பேர் முதல் நாள் ஏரி, இரண்டாம் நாள் பகோடா பாயின்ட் என்று சுற்றிவிட்டு இறங்கிவிடுவார்கள். மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று ரூம் வாடகை ஏறிக் கிடக்கும், சனி ஞாயிறு எப்போதுமே இரைச்சல். மழைக்காலத்தில் வாடகை இறங்கும், ஆனால் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடும், தாள் நமத்துப்போகும், மை பேனாவில் எழுதினால் எழுத்தைச் சுற்றி ஊறி நீல மயிர் மயிராக நிற்கும். பால்பாயின்ட் கொண்டு வாருங்கள்.

ஆனாலும் வர வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். புதிதாக எழுதுவது அரை மணி, ஒரு மணி என்று வீட்டிலேயே நடக்கும், அதில் மேலே இரண்டு பேரும் சொன்னது சரி. எழுதி முடித்த நாவலை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே ஓட்டத்தில் வாசித்து, பதினோராம் அத்தியாயத்தில் இருக்கிற ஆள் மூன்றாம் அத்தியாயத்தில் என்ன சொன்னான் என்று பிடிப்பது மட்டும் துண்டு துண்டான நேரத்தில் முடியாது. லீவைச் செலவு செய்வதாக இருந்தால் அதற்குச் செய்யுங்கள். கையில் பாதி நாவலோடு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வராதீர்கள், முழுசாகக் கொண்டு வாருங்கள்.

அஸ்தம்பட்டிக்காரன்:
மூவருக்கும் நன்றி. லீவை இப்போது போடவில்லை. அகிலா, நீங்கள் சொன்ன மாதிரி இன்று காலை வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கொலுசுக்குப் பற்றவைக்கிற பையன் முதலாளியிடம் முன்பணம் கேட்கிற காட்சியைச் சொல்லிப் பதிந்தேன். இரண்டு மாதமாகத் தாளில் வராத காட்சி அது. ஒரு சந்தேகம், ரெக்கார்டில் சொன்னதை அப்படியே எழுதிவிடுவீர்களா, எழுதும்போதே திருத்துவீர்களா?

அம்மாபேட்டை அகிலா:
முதலில் அப்படியே எழுதிவிடுவேன் அண்ணா. திருத்த ஆரம்பித்தால் அந்த ஆள் பேச்சு போய் என் பேச்சு வந்துவிடும். திருத்தம் மறுநாள்தான்.