பையனோட தையல நானே வெட்டிடலாமா? திருகோணமலைக்கு புதுசு, அவசரம்

சென்னையிலருந்து வந்து ரெண்டு மாசம்: கோட்டைக்குள்ள மான் பின்னாடியே ஓடி பையன் கல்லுல விழுந்துட்டான், தையல் போட்டாங்க. இப்ப ஒரு முடிச்சு தூக்கிட்டு நிக்குது, தூக்கத்துலயும் கை அங்கயே போகுது. வீட்டுக்காரர் கொழும்புல. கத்தரிய கொதிக்க வச்சு நானே எடுத்துடவா?

மதுரை, இப்ப உப்புவெளி: நாங்க 2019ல வந்தப்ப பட்ட பாடு சொல்லி மாளாதும்மா, வீடு கிடைக்கல, விசாவுக்கு கொழும்புக்கு அலைச்சல், அதுக்கு நடுவுல பொண்ணுக்கு முழங்கால்ல தையல், கிளினிக்ல சிங்களத்துல என்னமோ சொன்னாங்க, நான் அழுதுட்டேன். 14 நாள் கழிச்சுதான் எடுத்தாங்க. நீங்களும் பொறுங்க.

உவர்மலை: 14 நாளா? என்ர மகனுக்கு முகத்தில போட்ட இழைய அஞ்சாம் நாளே வெட்டினவை. மஞ்சள் பூசுங்கோ, கெதியா காயும்.

நிலாவெளி: மஞ்சள் வேண்டாம் அக்கா! ஆஸ்பத்திரி ஓபிடியில விடிய ஆறு மணிக்கு நம்பர் துண்டு எடுத்தாலும் மத்தியானம் ஆகுது, ஓட்டோக்காரர் புது முகம் எண்டா கேக்கிற காசு...

உப்புவெளி: ஆமா, வாடகையும் அப்படித்தான்.

தாதியா வேலை செய்தனான்: ஓட்டோக் கதைய விடுங்கோ. தங்கச்சி, காயம் எங்க, எத்தினை நாள், என்ன நூல்?

சென்னை: நெத்தி, நாலு தையல், கருப்பு நூல், நாளைக்கு அஞ்சாவது நாள். சீழ், காய்ச்சல் இல்ல.

தாதி: அப்ப நேரம் சரி. முகத்தில 3 இலிருந்து 5 நாள், தலையில 7 இலிருந்து 10, முழங்கால் மாதிரி மடங்கிற இடத்தில 10 இலிருந்து 14, அதாலதான் ரெண்டு பேர் சொன்னதும் ஒத்து வரேல்ல. ஆனா நீங்க வெட்டாதீங்கோ. முடிச்சைத் தூக்கி தோலோட ஒட்டின இடத்தில ஒரு பக்கம் மட்டும் வெட்டி இழுக்கோணும், வெளியில கிடந்த அழுக்கு நூல் தோலுக்குள்ளால போகப்படாது. பிள்ளை துள்ளினா கத்தரி கண்ணுக்கு. நாளைக்கு காலமை அவை தந்த துண்டுச் சீட்டையும் கொண்டு தையல் போட்ட இடத்துக்கே போங்கோ. இண்டைக்கு நகத்தை வெட்டி, படுக்கேக்க கையுறை மாதிரி சொக்ஸ் போட்டு விடுங்கோ. கடல் குளிப்பு வேண்டாம். சுத்தி சிவந்து வீங்கினா, சீழோ காய்ச்சலோ வந்தா இரவெண்டாலும் போங்கோ. காயம் விரிஞ்சா சுத்தத் துணியால அமத்திப் பிடிச்சுக்கொண்டு, 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் இலவசம்.

சென்னை: துண்டு ஃபிரிட்ஜ் மேல இருந்துச்சு அக்கா. அதுலயும் நாளைக்குத்தான் போட்ருக்கு. கத்தரிய எடுத்து வச்சுட்டேன்.

நிலாவெளி: ஆறரைக்கு நான் ஓட்டோவோட வாறன், எந்த ஒழுங்கை எண்டு இன்பாக்ஸில போடுங்க.