மாலை ஒத்திகைக்குப் போகும்போது குழந்தையை எங்கே விடுவது?

எழும்பூர் பக்கம் ஒரு நாடகக் குழுவில் மேடை நிர்வாகம் பார்க்கிறேன். மகளுக்கு ஒன்றரை வயது. ஒத்திகை மாலை 6 முதல் 9.30 வரை; நடிப்பவர்கள் எல்லாரும் பகலில் வேறு வேலைக்குப் போகிறவர்கள், நேரத்தை மாற்ற முடியாது. விசாரித்த காப்பகங்கள் 7 மணிக்கே மூடிவிடுகின்றன. கணவருக்கு இரவு ஷிப்ட். அம்மாவால் பக்கவாதம் வந்த அப்பாவை விட்டு நகர முடியாது. ஒத்திகைக்கே தூக்கிப்போனால் பறைச் சத்தத்தில் மிரண்டு அழுகிறாள். 50 பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் நிறுவனமென்றால் சட்டப்படி காப்பகம் கேட்கலாம். நாங்கள் சின்னக் குழு. அடுத்த மாதக் கடைசியில் நாடகம். இந்த வேலையை விட மனமில்லை.

எழும்பூர், புரசைவாக்கம், சிந்தாதிரிப்பேட்டை பக்கம் இரவு 10 வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் காப்பகமோ நம்பிக்கையான ஆளோ யாருக்காவது தெரியுமா?