பூநாரைப் படம் போட்ட துணி மாஸ்க்: நிறம் ஏன் நிக்குதில்லை?

தையல்கூடம், கிளிநொச்சி:
சுண்டிக்குளத்தில எடுத்த பூநாரை, மஞ்சள் மூக்கு நாரைப் படங்களைத் துணி மாஸ்கில சப்ளிமேஷன் முறையில (தாளில அச்சடிச்ச படத்தைச் சூட்டில அழுத்தித் துணிக்கு மாத்திறது) அடிக்கிறம். வெள்ளைப் பருத்தித் துணி, 190 பாகை, 60 செக்கன். படம் மங்கலாத்தான் இறங்குது, ஒருக்காத் தோய்ச்சதோட போயிடுது. தைச்சு முடிச்ச மாஸ்கை அழுத்தினால் உள்ளுக்கு ஏதோ ஒட்டிச் சுருங்குது. மூண்டு அடுக்கு, நடுவில பொலிப்புறொப்பிலீன் துணி. எங்கை பிழைக்குது?

அச்சுக்கூடம், வவுனியா:
இரண்டும் வேறை வேறை பிழை. சப்ளிமேஷன் மை சூட்டில ஆவியாகிப் பொலியெஸ்ரர் இழைக்குள்ள போய்த்தான் தங்கும். பருத்தி அதைப் பிடிக்காது, சோப்போட போயிடும். மெஷினையும் மையையும் மாத்தத் தேவையில்லை, வெளித்துணியை மட்டும் வெள்ளைப் பொலியெஸ்ரருக்கு மாத்துங்கோ.

சுருங்கிறது அந்த நடு அடுக்கு. பொலிப்புறொப்பிலீன் 160 பாகை அளவிலயே உருகும், நீங்கள் 190 குடுக்கிறியள். உருகினால் துளை அடைபட்டு மூச்சு விடேலாது. முதல் அச்சு, பிறகு வெட்டு, கடைசியில தையல். இந்த ஒழுங்கை மாத்தவே வேண்டாம்.

படத்தை இடம்வலம் திருப்பித் தாளில எடுங்கோ. தாளில நிறம் செத்த மாதிரி இருக்கும், அதைப் பாத்து மையைக் கூட்டாதேங்கோ. சூடு பட்டால்தான் உண்மையான நிறம் வரும். துணியில தும்பு இல்லாமல் எடுத்து, தாள் வைக்க முதல் 5–10 செக்கன் வெறுமனே அழுத்துங்கோ. மாரியில துணி ஈரத்தை இழுத்து வைச்சிருக்கும், அது போகாட்டில் நிறம் திட்டுத் திட்டாப் பரவும். பிறகு சூடு தாங்கிற ரேப்பால தாளை ஒட்டி 195 பாகையில 45–60 செக்கன். தாள் கொஞ்சம் அசைஞ்சாலும் நாரைக்கு இரண்டு அலகு தெரியும். இந்த முறையில வெள்ளை மை இல்லை, கொக்கின்ர வெள்ளை துணியின்ர வெள்ளைதான்.

படப்பிடிப்பு, முல்லைத்தீவு:
நடுத்தையல் உள்ள மாஸ்கில பறவையை நடுவில வைக்காதேங்கோ, தையல் கழுத்தை வெட்டும். ஒரு கன்னத்துண்டில பறவை, மற்றதில தண்ணியும் வானமும் எண்டு பிரியுங்கோ. ஓரத்துக்கு 6 மில்லிமீற்றர் கூட விடுங்கோ. மடிப்பு மாஸ்க் எண்டால் நீளக் காலை மடிப்பு முழுங்கிடும். தூரத்தில வரிசையா நிக்கிற பூநாரைக் கூட்டம்தான் அதுக்குத் தோது.

20 சென்ரிமீற்றர் அகலத்துக்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தினை புள்ளி எண்ட கணக்கு) எண்டால் ஏறக்குறைய 2,360 பிக்சல். துணிக்கு 200 டிபிஐ போதும், 1,575 பிக்சல். தூரத்துப் பறவையை வெட்டிப் பெருப்பிச்சால் இதுவும் மிஞ்சாது. படம் எடுத்தவரிட்ட எழுத்தில அனுமதி வாங்குங்கோ, இணையத்தில கிடக்கிற படத்தை எடுத்து அடிக்கிறது களவுதான்.

தையல்கூடம், கிளிநொச்சி:
பருத்தியிலயே டிரிஎஃப் படலம் (படத்தைப் படலத்தில அச்சடிச்சுச் சூட்டில துணியோட ஒட்டிறது) ஒட்டினால் என்ன?

அச்சுக்கூடம், வவுனியா:
ரீ-சேட்டுக்குச் சரி, மாஸ்குக்கு வேண்டாம். அது பிளாஸ்ரிக். படம் இருக்கிற இடத்தால காத்துப் போகாமல் ஓரத்தால வடிகட்டாமல் போகும். உள்ளுக்கு ஈரம் உறிஞ்சிற பருத்தி, நடுவில பொலிப்புறொப்பிலீன், வெளியில பொலியெஸ்ரர் எண்டு 2020 ஜூனில உலக சுகாதார நிறுவனம் சொன்ன அடுக்குத்தான் உங்கட படத்துக்கும் பொருந்தும்.

உள்பருத்தியை வெட்ட முதல் சுடுதண்ணியில தோய்ச்சுக் காயவையுங்கோ. பருத்தி சுருங்கும், பொலியெஸ்ரர் சுருங்காது, முதல் தோய்ப்பிலயே மாஸ்க் கோணிப்போகும். வாங்கிற ஆக்களுக்கு ஒரு துண்டில எழுதிக் குடுங்கோ: குளோறின் போடக்கூடாது, அயன் பண்ணக்கூடாது. நடு அடுக்கு அயன் சூட்டையும் தாங்காது.