பெரியப்பாவின் பீரோ

[குடும்பக் குழு, வியாழன் மாலை]

பெரியம்மா: வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார்கள். உங்கள் பெரியப்பாவின் புத்தக பீரோவைக் காலி செய்தாக வேண்டும். சனிக்கிழமை காலை பழைய பேப்பர்காரரை வரச் சொல்லியிருக்கிறேன். வேண்டியவர்கள் வேண்டியதை அதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாம்பன் அத்தை: ஐயையோ மதினி!

மண்டபம் சித்தப்பா: அக்கா, இந்தக் குழுவில் அரைகுறையாக எழுதக் கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம். அவர் இல்லை என்பதற்காக அதை மீற வேண்டாம்.

பாம்பன் அத்தை: ஐயையோ மதினி, பேப்பர்காரரை வரச் சொல்லாதீர்கள். இப்போது திருப்திதானே தம்பி?

மலர்: பெரியம்மா, தனுஷ்கோடிப் புயலை வைத்து நான் நாவல் எழுதுவது உங்களுக்குத் தெரியும். அகராதி மாதிரி எடுத்துப் பார்க்கிற நூல்கள் எல்லாம் எனக்கு வேண்டும். ஆனால் பரமக்குடி வாடகை வீட்டில் எனக்கென்று இருப்பது ஒரே ஒரு தட்டு. சித்தப்பா, எதை எடுப்பது, எதை விடுவது?

சிங்கப்பூர் அண்ணன்: எல்லாம் இணையத்தில் இருக்கிறது. ஒன்றும் தூக்க வேண்டாம்.

மண்டபம் சித்தப்பா: பொறுமையாகப் படியுங்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் அனுபந்தமாக ஒன்றும் வந்தது. லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் அதில் உண்டு. ஒரு சொல் முன்பு என்ன பொருளில் வழங்கியது, எந்த நூலில் வந்தது என்று பார்க்க அதற்கு இணை இல்லை. ஆனால் சிங்கப்பூரான் சொல்வதும் உண்மை. அது முழுவதும் இணையத்தில் கிடைக்கிறது. பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியமும் அப்படியே. இவ்விரண்டும் போனாலே இரண்டு தட்டுக் காலியாகிவிடும். ஆகவே மலர், அவற்றுக்காக நீ வண்டி பிடிக்க வேண்டாம். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள். இன்று ஒரு சொல்லை எப்படி எழுதுகிறோம், எந்த வேற்றுமையோடு சேர்க்கிறோம் என்பதை அதன் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். அண்ணனிடம் இருப்பது 1992இல் வந்த முதல் பதிப்பு. 2008இலும் 2020இலும் திருத்திய பதிப்புகள் வந்துவிட்டதால் புதிதாகவே வாங்கு.

தேவிபட்டினம் மாமா: சுருக்கம் நன்றாக இருக்கிறது மச்சான்.

மலர்: புராணப் பெயர், புலவர் பெயர் எல்லாம் எடுத்துப் பார்க்கிற அபிதான சிந்தாமணி?

பாம்பன் அத்தை: அதைத் தேவிபட்டினத்தில் கேள்.

தேவிபட்டினம் மாமா: அத்தான் அதை எனக்குக் கொடுத்தார்.

பெரியம்மா: தம்பி, கொடுத்தது உன் மகள் பட்டிமன்றம் பேசுவதற்கு, ஒரு வாரத்துக்கு. அந்தப் பிள்ளைக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது.

மண்டபம் சித்தப்பா: சிங்காரவேலு முதலியார் ஆண்டுக்கணக்கில் தனியாளாகத் தொகுத்து, அச்சிட வழியில்லாமல் நின்றபோது கைகொடுத்தவர் நம் இராமநாதபுரம் அரச குடும்பத்துப் பாண்டித்துரைத் தேவர். 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. இந்தச் சீமையின் உதவியால் வந்த புத்தகம் இந்தச் சீமையிலேயே ஒரு வீட்டில் சிறைப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

தேவிபட்டினம் மாமா: சிறை என்கிற சொல்லை நீங்கள் திரும்பப் பெற வேண்டும்.

மலர்: மாமா, புத்தகம் அங்கேயே இருக்கட்டும், வேண்டும்போது வந்து பார்த்துக்கொள்கிறேன். கச்சான் என்ற சொல்லை மீனவர் பேச்சில் வைத்திருக்கிறேன், அது சரிதானே?

தேவிபட்டினம் மாமா: சரிதான். கச்சான் மேற்கேயிருந்து அடிப்பது, கொண்டல் கிழக்கேயிருந்து, வாடை வடக்கேயிருந்து. இதற்கு எந்த அகராதியும் வேண்டாம்.

பாம்பன் அத்தை: தலைமன்னாரிலிருந்து வாக்கப்பட்டு வந்த எங்கள் மாமியார், வந்த புதிதில் கச்சான் வாங்கி வரச் சொன்னாராம். காற்றை எங்கே போய் வாங்குவது என்று மாமனார் திகைத்து நின்றாராம். அங்கே கச்சான் என்றால் வேர்க்கடலை.

மலர்: அத்தை, இதை நான் நாவலில் எடுத்துக்கொள்கிறேன்.

[இரவு 8.40]

மண்டபம் சித்தப்பா: மதினி வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். பீரோவின் மேல்தட்டில் பஞ்சாங்கக் கட்டு ஒன்று கிடைத்தது, சணல் கயிற்றால் கட்டி நடுவில் வசம்பு வைத்திருக்கிறார். உப்புக்காற்றில் தாள்களைத் தைத்த கம்பி ஊசிகள் துருப்பிடித்து ஒவ்வொரு பஞ்சாங்கத்தின் முதுகிலும் பழுப்புக் கறை ஏறியிருந்தாலும் உள்ளே ஒரு பூச்சி கிடையாது. மலர், நீ அனுப்பிய முதல் அத்தியாயத்தில் 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு ‘அமாவாசை இருட்டில் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கியது’ என்று எழுதியிருக்கிறாய். குரோதி வருடத்துப் பஞ்சாங்கம் இப்போது என் மடியில் இருக்கிறது. மார்கழிப் பௌர்ணமி டிசம்பர் 19ஆம் தேதி. அதையொட்டி உத்தரகோசமங்கையில் திருவாதிரை. புயலடித்த இரவு தேய்பிறை தொடங்கி நான்கு நாள்கூட ஆகவில்லை. மேகம் மூடிய இருட்டு என்று எழுது, அமாவாசை என்று எழுதாதே.

மலர்: மூன்று வருடமாக அந்த வரியை மாற்றாமல் வைத்திருந்தேன் சித்தப்பா!

சிங்கப்பூர் அண்ணன்: திதியும் இணையத்தில் கிடைக்கும்.

மண்டபம் சித்தப்பா: கிடைக்கும். ஆனால் தேடிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லையே. பஞ்சாங்கக் கட்டுக்குக் கீழேயே பழைய ரயில்வே கால அட்டவணை இரண்டு, கோயில் திருவிழா நோட்டீசுகள், வலைக்கும் வடத்துக்கும் கொடுத்த கடை ரசீதுகள் எல்லாம் இருக்கின்றன. அந்தக் காலத்தில் நூலும் கயிறும் என்ன விலை விற்றன என்பதை எந்தக் களஞ்சியத்தில் போய்ப் பார்ப்பாய்? ஆகவே என் முடிவு இது: அச்சான பெரிய நூல்களை யார் வேண்டுமானாலும் பங்கிட்டுக்கொள்ளட்டும், இந்தக் காகிதக் கட்டுகள் அத்தனையும் மலருடைய அந்த ஒரு தட்டுக்குப் போக வேண்டும்.

பெரியம்மா: அந்தக் குப்பையைத்தான் முதலில் போடலாம் என்று இருந்தேன்.

பாம்பன் அத்தை: மதினி, லெக்சிகனில் ஒரு தொகுதி எங்கள் வீட்டில் தையல் மிஷினுக்கு அண்டையாக இருக்கிறது. அதையும் அனுப்ப வேண்டுமா?

மண்டபம் சித்தப்பா: அக்கா!

பாம்பன் அத்தை: தம்பி, முழு வாக்கியம்.

தேவிபட்டினம் மாமா: சனிக்கிழமை டிரைவர் வந்தால் நானும் அபிதான சிந்தாமணியோடு வருகிறேன். கொடுப்பதற்கு அல்ல, காட்டுவதற்கு.

மலர்: நான் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன் பெரியம்மா, பேப்பர்காரரை மத்தியானத்துக்கு மாற்றிச் சொல்லுங்கள்.

பெரியம்மா: அவருடைய நம்பர் உங்கள் பெரியப்பா போனில்தான் இருந்தது. கொழுந்தனாரே, பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்து பார்த்தீர்களா?

மண்டபம் சித்தப்பா: அது பூட்டியிருக்கிறது மதினி. சாவி உங்களிடம் இருக்கும் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்?