ஏர்போர்ன், ஏரோசால், ட்ராப்லெட்: தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். காற்றில் மிதக்கும் நுண்துகள்களான ஏரோசாலுக்குத் தூசிப்படலம், காற்றுக்கரைசல், நுண்திவலை, துமி. காற்றில் மிதந்து பரவுவதைக் குறிக்கும் ஏர்போர்னுக்குக் காற்றுவழி, வளிவழி. எல்லாமே யோசித்துச் சொன்னவைதான். ஆனால் கோவிட் காலத்தில் ஆங்கிலத்திலேயே இந்தச் சொற்கள் குழம்பிக் கிடந்தன. அவற்றை ஒன்றுக்கு ஒன்றாக அப்படியே பெயர்த்தால் குழப்பத்தையும் சேர்த்துக் கொண்டு வந்துவிடுவோம். அதனால் முதலில் அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், பிறகு சொற்களுக்கு வருகிறேன்.

2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம் ட்விட்டரில், கோவிட் ஏர்போர்ன் அல்ல, இது உறுதியான தகவல் என்று அடித்துச் சொன்னது. இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வரும் ட்ராப்லெட்டுகள், அதாவது துளிகள், கனமானவை, காற்றில் நிற்காமல் தரையில் விழுந்துவிடும் என்பதுதான் அதன் விளக்கம். உலகம் முழுவதும் அறிவுரைகள் இதை ஒட்டியே அமைந்தன. கை கழுவு, ஒரு மீட்டர் தள்ளி நில், தொட்ட இடத்தைத் துடை.

அதே மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் மாவட்டத்தில், ஒரு பாடகர் குழு ஒத்திகைக்குக் கூடியிருந்தது. 61 பேர், சுமார் இரண்டரை மணி நேரம். அவர்களில் ஒருவருக்குச் சளிபோல லேசான அறிகுறிகள் இருந்தன. அவரையும் சேர்த்து 53 பேர் நோயில் விழுந்தார்கள், 2 பேர் இறந்தார்கள். வந்தவர்கள் கட்டிப்பிடிக்காமல், கைகொடுக்காமல் கவனமாகத்தான் இருந்தார்கள். பக்கத்து இருக்கையில் எச்சில் தெறித்ததால் மட்டும் இத்தனை பேருக்கு வராது. பாடும்போது மூச்சிலிருந்து வெளியேறிய நுண்துகள்கள் கூடத்துக் காற்றில் சேர்ந்துகொண்டே போனதுதான் முதன்மைக் காரணமாக இருக்க வேண்டும் என்று பின்னால் நடந்த ஆய்வு கணித்தது. சீனாவின் குவாங்சோவிலும் இதே கதைதான். 2020 ஜனவரி 24 அன்று ஜன்னல் இல்லாத ஓர் ஏசி உணவகத்தில் மூன்று மேசைகளில் இருந்த மூன்று குடும்பங்களைச் சேர்ந்த 10 பேருக்குத் தொற்று. அங்கே வெளிக்காற்று மிகக் குறைவாகவே உள்ளே வந்தது, இருந்த காற்றையே ஏசி சுற்றிச் சுற்றி விட்டது என்று அளந்து காட்டினார்கள்.

2020 ஜூலையில் ஆய்வாளர்கள் லிடியா மொராவ்ஸ்காவும் டொனால்டு மில்டனும், 239 அறிவியலாளர்களின் ஆதரவோடு, காற்றுவழிப் பரவலைக் கவனியுங்கள் என்று எழுதினார்கள். அதற்குப் பிறகும் அசைவு மெதுவாகத்தான் இருந்தது. அப்போது உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை அறிவியலாளராக இருந்தவர் நம் சௌமியா சுவாமிநாதன். 2022-ல் பதவியை விட்டு விலகும் நேரத்தில், காற்றுவழிப் பரவலை நாங்கள் இன்னும் முன்னாலேயே ஏற்றிருக்க வேண்டும் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அந்த நேர்மையை மதிக்கிறேன்.

தகவல் இருந்தும் ஏன் இவ்வளவு தயக்கம்? ஒரு பெரிய காரணம் ஓர் எண்: 5 மைக்ரான். (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) மருத்துவப் பாடநூல்களில் 5 மைக்ரானுக்கு மேல் என்றால் ட்ராப்லெட், கீழே என்றால் ஏரோசால். மேலே உள்ளது விழும், கீழே உள்ளது மிதக்கும். இயற்பியல் தெரிந்த யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து அசையாத காற்றில் 100 மைக்ரான் துகள் விழச் சுமார் 5 வினாடி ஆகும். 5 மைக்ரான் துகளுக்கு அரை மணி நேரத்துக்கு மேல். 1 மைக்ரான் என்றால் 12 மணி நேரம். அப்படியானால் கோடு போட வேண்டிய இடம் 5 அல்ல, 100-க்குப் பக்கம். 1934-லேயே அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வெல்ஸ் இதைத்தான் கண்டிருந்தார். சுமார் 100 மைக்ரானுக்கு மேல் உள்ள துளி காய்வதற்குள் தரையைத் தொடும், சிறியது காய்ந்து காற்றில் நின்றுவிடும் என்று.

பிறகு 5 எங்கிருந்து வந்தது? வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் கேட்டி ராண்டலும் லின்சி மாரும் வேறு சிலரும் பழைய தாள்களைத் தோண்டிப் பார்த்தார்கள். காசநோய்க் கிருமி நுரையீரலின் ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பற்றும். அவ்வளவு உள்ளே போகக்கூடியவை 5 மைக்ரானுக்குக் குறைந்த துகள்கள். ‘ஆழத்துக்குப் போகும் அளவு’ என்ற காசநோய்க் கணக்கு, கைமாறிக் கைமாறி, ‘காற்றில் மிதக்கும் அளவு’ என்று எல்லா நோய்க்கும் பொதுவான விதியாகிவிட்டது. இந்தப் பழைய பிழை பல உயிர்களுக்கு உலை வைத்தது என்றே நினைக்கிறேன்.

சரி, இப்போது சொற்கள்.

> ட்ராப்லெட் = திவலை, ஏரோசால் = நுண்திவலை என்று வைத்தால் எளிது.

எளிதுதான். ஆனால் இது அந்த 5 மைக்ரான் கோட்டைத் தமிழில் மறுபடி போடுகிறது. பெரியது ஒன்று, சிறியது ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிப் பெயர். மூச்சில் வருபவை தொடர்ச்சியாக எல்லா அளவிலும் வருகின்றன. அளவை வைத்துப் பெயர் சூட்டும் வழியையே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. உலக சுகாதார நிறுவனமும் 2024 ஏப்ரலில் அந்த வழிக்குத்தான் வந்தது. ஆப்பிரிக்கா, சீனா, ஐரோப்பா, அமெரிக்கா ஆகியவற்றின் நோய்க்கட்டுப்பாட்டு மையங்களோடு கலந்து பேசி, ட்ராப்லெட், ஏரோசால் என்ற பிரிவினையை ஒதுக்கிவிட்டு, எல்லா அளவுக்கும் ஒரே பெயராக ‘இன்ஃபெக்‌ஷஸ் ரெஸ்பிரேட்டரி பார்ட்டிக்கிள்’ என்று, அதாவது மூச்சில் வெளிவரும் கிருமியுள்ள துகள் என்று, வைத்தது. அது உடம்புக்குள் போகும் விதத்தை மட்டும் இரண்டாகப் பிரித்தது: மூச்சோடு உள்ளே இழுக்கப்படுவது ஒன்று, வாய், மூக்கு, கண் மேல் நேராக வந்து படிவது இன்னொன்று. நாம் பெயர்க்க வேண்டியது இந்தப் புதிய அமைப்பை. பழையதை அல்ல.

> துமி என்ற அருமையான சொல் இருக்கிறதே! கம்பனே ஆண்டது.

எனக்கும் மிகப் பிடித்த சொல். கம்பர் துமி என்று பாட, அப்படி ஒரு சொல் மக்கள் வழக்கில் உண்டா என்று ஒட்டக்கூத்தர் கேட்க, மோர் கடைந்துகொண்டிருந்த பெண் உருவில் கலைமகள் வந்து, பிள்ளைகளே தள்ளி உட்காருங்கள், துமி தெறிக்கப் போகிறது என்று சொன்ன கதை நம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையையே சாட்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே துமி என்ன செய்கிறது? தெறிக்கிறது. பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் மேல் விழுகிறது. தள்ளி உட்கார்ந்தால் தப்பலாம். 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் ட்ராப்லெட்டுக்குச் சொன்ன இலக்கணம் இதேதான்! தள்ளி உட்கார்ந்தாலும் வந்து சேரும் ஒன்றுக்கு அந்தப் பெயரைச் சூட்டினால், ஒரு மீட்டர் போதும் என்ற பழைய நம்பிக்கைதான் பலப்படும். துமியை விடமுடியாது என்பவர்கள் அதைத் தெறிக்கும் பெரிய துளிக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே அது கச்சிதமாகப் பொருந்தும்.

> ஏர்போர்ன் = காற்றுவழி. இதில் என்ன குழப்பம்?

இதில்தான் எனக்கு மிகப் பெரிய கவலை. தமிழில் காற்று என்றால் நாம் சுவாசிப்பதும் காற்று, வீசுவதும் காற்று. ‘காற்றில் பரவும் நோய்’ என்று செய்தியில் கேட்டதும் மனதில் எழும் படம், தெருவிலிருந்து வீசி வீட்டுக்குள் நுழையும் ஒன்று. எங்கள் தெருவில் அந்த நாட்களில் ஜன்னல்களை இறுகச் சாத்திக்கொண்டவர்களைப் பார்த்தேன். வெளிக்காற்று ஆபத்து என்று நம்பினார்கள். நடந்ததோ தலைகீழ். திறந்த வெளியில் துகள்கள் கலைந்துபோகின்றன. ஜன்னலைச் சாத்திய அறைக்குள் ஒருவர் விட்ட மூச்சு, ஊதுவத்திப் புகைபோலத் தேங்கி நிற்கிறது. காற்றோட்டம்தான் மருந்து என்று சொல்ல வேண்டிய இடத்தில், காற்றையே குற்றவாளியாக்கும் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வளிவழி என்றால் இந்தக் குழப்பம் குறையலாம், ஆனால் வாயில் நுழையவில்லை. ரேஷன் கடை வாசலில் எழுதி வைத்தால் யாருக்கும் புரியாது.

ஆகவே என் பரிந்துரை: மூச்சுவழித் தொற்று.

ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுக்கிறார், அவ்வளவுதான் செய்தி. அது எங்கே நடக்கும்? கூட்டம் சேரும் இடத்தில், அடைத்த அறையில், ஏசி போட்ட கல்யாண மண்டபத்தில், கண்ணாடி ஏற்றிய பஸ்ஸில். இருமவோ தும்மவோ வேண்டியதில்லை, பேசினாலே போதும், பாடினால் இன்னும் அதிகம் என்பதும் இந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. இதற்கு இணையாக, நேராக வந்து படிவதற்குத் தெறிப்புவழித் தொற்று. எச்சில் தெறித்தது என்று எல்லோரும் சொல்வதுதானே. கைபட்டு வருவதற்குத் தொடுவழித் தொற்று. மூச்சு, தெறிப்பு, தொடுகை. மூன்றும் வினையைச் சொல்கின்றன, மூன்றுக்கும் என்ன தற்காப்பு என்பதும் உடனே தெரிந்துவிடுகிறது.

மூன்றாவதைப் பற்றி ஒரு வார்த்தை. 2020-ல் நாம் காய்கறியையும் பால் பாக்கெட்டையும் கழுவிக் களைத்தோம். அந்த ஏப்ரலில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள், அப்புறம் பல ஊர்களில் அதே மாதிரி வந்தது. ஆட்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் அந்த மாதமே சொல்ல வேண்டியதாயிற்று. நல்ல எண்ணத்தில் செய்தவர்கள்தான். நோய் எப்படி வருகிறது என்பது தோலிலும் துணியிலும் ஒட்டிவருவதாகவே மனதில் பதிந்திருந்தது. ஓராண்டு கழித்து அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், கிருமி ஒட்டிய பரப்பைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாக 10,000-ல் ஒன்றுக்கும் குறைவு என்றது. நம் நாட்டிலும் 2021 மே மாதம் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம், ஏரோசால்கள் 10 மீட்டர் வரை போகலாம், ஜன்னல்களைத் திறந்து வையுங்கள் என்று அறிவுறுத்தியது. இரண்டாம் அலை அதற்குள் உச்சத்தைத் தொட்டிருந்தது.

> மூச்சுவழி என்றால் சுவாச நோய்களோடு குழம்பாதா?

மருத்துவ நண்பரின் இந்தக் கேள்வி நியாயமானது. சுவாசத் தொற்று என்பது நோய் எங்கே தாக்குகிறது என்பதைச் சொல்வது. மூச்சுவழித் தொற்று என்பது நோய் எப்படி வருகிறது என்பதைச் சொல்வது. தட்டம்மையைப் பாருங்கள். நம் கண்ணுக்குத் தெரிவது தோலில் தடிப்பு, ஆனால் மிகத் தீவிரமாக மூச்சுவழியே பரவும் நோய் அது. இரண்டு கருத்துக்கும் இரண்டு சொல் இருப்பது மாணவர்களுக்கு நல்லது. சுவாசம் என்பதை உறுப்புத் தொகுதிக்கும், மூச்சு என்பதை விடுவதற்கும் இழுப்பதற்கும் ஒதுக்கிக்கொள்ளலாம். பேச்சுவழக்கிலும் மூச்சு விடுகிறோம், மூச்சு இழுக்கிறோம்.

இனி அந்தப் பொதுப் பெயர். மூச்சில் வெளிவரும் எல்லா அளவுக்கும் சேர்த்து மூச்சுத்துகள். கிருமி இருந்தால் தொற்றுடை மூச்சுத்துகள், அல்லது எளிமையாகக் கிருமியுள்ள மூச்சுத்துகள். துகள் என்றால் உலர்ந்தது, மூச்சில் வருவது ஈரம், பொருந்துமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். பொருந்தும். வெளியே வந்ததும் நீர் ஆவியாகி, உப்பும் புரதமும் வைரசும் மிஞ்சுகின்றன. மிதந்து திரிவது பெரும்பாலும் அந்த மிச்சம்தான். திவலை, துளி என்ற சொற்கள் அந்த ஈரமான முதல் சில நொடிகளை மட்டுமே காட்டும். பள்ளி இயற்பியலிலும் துகள் ஏற்கனவே பழகிய சொல்.

ஏரோசாலை முழுவதும் கைவிடச் சொல்லவில்லை. வானிலையியலில் பாலைத் தூசியும் கடல் உப்பும் எரிமலைச் சாம்பலும் ஏரோசால்தான். அங்கே தூசிப்படலம் இருந்துவிட்டுப் போகட்டும். கொசு மருந்து டப்பாவுக்குத் தெளிப்பான் என்று கடையிலேயே கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதற்காக நாமும் ஒன்றே வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இவற்றை வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்.

‘கோவிட் முக்கியமாக மூச்சுவழிப் பரவுகிறது. வகுப்பறை ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.’

‘இருமுபவருக்கு அருகில் நிற்பவருக்குத் தெறிப்புவழியாகவும் மூச்சுவழியாகவும் தொற்றலாம்.’

‘முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 முகக்கவசம் மூச்சுத்துகள்களை நன்றாகத் தடுக்கும். பக்கவாட்டில் இடைவெளி விடும் துணிக் கவசத்தில் அந்தப் பாதுகாப்பு குறைவு.’

‘காசநோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் மூச்சுவழித் தொற்றைத் தடுக்கக் காற்றோட்டம் தேவை.’

கடைசி வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1950-களில் அமெரிக்காவின் பால்டிமோரில் ரிச்சர்டு ரைலி என்ற மருத்துவ ஆய்வாளர், காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே மேலே கொண்டுபோய்க் கினிப்பன்றிகளின் கூண்டுகளுக்குள் விட்டார். அவை நோயாளிகளைப் பார்த்ததும் இல்லை, தொட்டதும் இல்லை. நோய் வந்தது. காற்றைப் புறஊதா ஒளியால் சுத்தம் செய்து அனுப்பிய கூண்டுகளில் வரவில்லை. காசநோய் இன்னும் நம்மை விட்டுப் போகாத நாடு இது. அதனால் இந்தச் சொற்களின் பயன் அடுத்த பெருந்தொற்று வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை, நாளைக் காலை புறநோயாளிப் பிரிவிலேயே தொடங்கலாம்.

எழுத்து பற்றி ஒரு சிறு வேண்டுகோள். மூச்சுவழித் தொற்று, மூச்சுவழிப் பரவல் என்று ஒற்று மிகுத்தே எழுதுவோம், ஆனால் மூச்சுவழி என்பதைப் பிரிக்காமல் ஒரே சொல்லாக. தேடுபொறியில் அப்போதுதான் ஒரே வடிவத்தில் அகப்படும்.

இந்தக் குழுவில் செவிலியர்களும் கிராம சுகாதாரப் பணியில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை வீடு வீடாகப் போகும்போது, காற்றில் பரவும் என்று ஒரு வீட்டிலும் மூச்சுவழிப் பரவும் என்று இன்னொரு வீட்டிலும் சொல்லிவிட்டு, ஜன்னலைத் திறக்கணுமா சாத்தணுமா என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதிலை இங்கே எழுதுங்கள். தெறிப்புவழி என்பதைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் அதையும் தெரிவியுங்கள். அந்தச் சொல்லில் எனக்கு இன்னும் முழு நிறைவு இல்லை.

அன்புடன்.