777 கொடுத்தும் சாம்பா ஷேர் திறக்கவில்லை: எஸ்இ லினக்ஸை அணைக்காமல் சரிசெய்ய முடியுமா?

அச்சகத்துக்காரன் கேட்டது:

வணக்கம். சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். டிசைனர்களுக்கு 9, பிளேட் எடுக்கும் சிடிபி மெஷினுக்கு 1, பில் போட 1, ஆக 11 விண்டோஸ் கம்ப்யூட்டர்கள். இத்தனை வருடம் ஒரு டிசைனரின் கம்ப்யூட்டரில் இருந்த ஃபோல்டரைத்தான் எல்லோரும் ஷேர் செய்து ஓட்டினோம். போன மாதம் அந்த ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. ஆடி 18-க்குக் காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டிய நேரத்தில் இரண்டு வாரத்து வேலை போயிற்று. அதன் பிறகுதான் முதலாளி தனி சர்வருக்குச் சம்மதித்தார்.

அல்மா லினக்ஸ் 9 போட்டேன். புதிய 4 டிபி டிஸ்க்கை எக்ஸ்எஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்து /டேட்டா என்று மவுண்ட் செய்திருக்கிறேன். அதற்குள் டிசைன், பிளேட், ஆல்பம் என்று மூன்று ஃபோல்டர்கள். லினக்ஸ் சர்வரின் ஃபோல்டரை விண்டோஸில் திறக்க உதவும் சாம்பாவை நிறுவி, பயனர்களைச் சேர்த்து, ஃபயர்வாலில் சாம்பா சர்வீஸைத் திறந்தாயிற்று. விண்டோஸில் சர்வரின் ஐபியை அடித்தால் மூன்று ஷேரின் பெயரும் தெரிகிறது. பாஸ்வேர்டையும் ஏற்றுக்கொள்கிறது. உள்ளே போகப் பார்த்தால் அனுமதி இல்லை என்கிறது.

ஓனர், குரூப் எல்லாம் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் வெறுத்துப்போய், எல்லோருக்கும் முழு அனுமதி தரும் 777-உம் கொடுத்துவிட்டேன். பலன் இல்லை. எஸ்இ லினக்ஸைத் தற்காலிகமாகத் தளர்த்தும் 'செட்என்ஃபோர்ஸ் 0' கொடுத்தால் அந்த நொடியே திறக்கிறது. மறுபடி 1 கொடுத்தால் மூடிக்கொள்கிறது. ஆக, தடுப்பது லினக்ஸின் கூடுதல் பாதுகாப்புக் காவலான எஸ்இ லினக்ஸ்தான்.

எங்களுக்கு நெட்வொர்க் போட்டுத் தந்தவர் "அதை ஆஃப் பண்ணிடுங்க, எல்லா இடத்திலும் அப்படித்தான்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு தடவை எல்லாவற்றையும் இழந்து பார்த்தவன் நான். ஒரு பாதுகாப்பு எதற்காக இருக்கிறது என்றே தெரியாமல் அதைக் கழற்றிப்போட விருப்பமில்லை. அணைக்காமல் செய்ய வழி உண்டா?

பழைய சர்வர்காரர்:

தம்பி, அணைக்க வேண்டாம் என்று நினைத்தீர்களே, அதற்கே முதலில் என் நன்றி. 2005-இல் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 4-இல் இது இயல்பாகவே இயங்கும்படி வந்த காலத்தில் நானும் முதல் வேலையாக அணைத்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பேன். அந்தப் பழக்கத்தை விடப் பல வருடம் ஆனது.

முதலில் அந்த 777-ஐ எடுத்துவிடுங்கள். அது இந்தப் பூட்டுக்கான சாவியே இல்லை. 777, ஓனர், குரூப் இவையெல்லாம் கோப்பின் சொந்தக்காரர் தன் விருப்பப்படி கொடுக்கிற அனுமதி. எஸ்இ லினக்ஸ் அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் கட்டாய விதி. சொந்தக்காரரே சம்மதித்தாலும் விதியில் இடமில்லை என்றால் கெர்னல் விடாது. ரூட்டாக ஓடும் சர்வீஸுக்கும் இதே கதைதான்.

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். அச்சகத்தில் ஒவ்வொரு கட்டுக்கும் ஜாப் டிக்கெட் ஒட்டுவீர்கள் அல்லவா? டெலிவரிக்குப் போகிறவர் தனக்குரிய டிக்கெட் ஒட்டிய கட்டை மட்டும்தான் தூக்குவார். பக்கத்தில் திறந்தே கிடந்தாலும் டிக்கெட் இல்லாத கட்டைத் தொடமாட்டார். சாம்பாவின் சர்வீஸான எஸ்எம்பிடி ஓடுவது எஸ்எம்பிடி_டி என்ற அடையாளத்தில். அது பகிர்வதற்கென்று உள்ள டிக்கெட், அதாவது லேபிள், சாம்பா_ஷேர்_டி. உங்கள் டிஸ்க் புதிதாக ஃபார்மட் செய்தது, அதில் டிக்கெட்டே ஒட்டியிருக்காது. 'எல்எஸ்' கட்டளையுடன் மைனஸ் பெரிய இசட் கொடுத்து /டேட்டாவைப் பாருங்கள். அன்லேபிள்ட்_டி என்று இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஊகத்தை நம்ப வேண்டாம், லாக்கையும் பாருங்கள். ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து திறக்க முயன்றுவிட்டு, உடனே சர்வரில் 'ஏயூசர்ச்' கட்டளையை மைனஸ் எம் ஏவிசி, மைனஸ் டிஎஸ் ரீசென்ட் என்று கொடுங்கள். யார் கேட்டது, எதைக் கேட்டது, எந்த லேபிள் மீது மறுக்கப்பட்டது என்பதெல்லாம் ஒரே வரியில் இருக்கும். வந்ததும் இங்கே போடுங்கள்.

அச்சகத்துக்காரன்:

அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. கேட்டது எஸ்எம்பிடி_டி. மறுக்கப்பட்டது ரீட். எதிரில் இருந்த லேபிள் அன்லேபிள்ட்_டி, வகை டைரக்டரி. இணையத்தில் தேடினால் 'சிஎச்கான்' கட்டளையில் லேபிளை மாற்றச் சொல்கிறார்கள். செய்யட்டுமா? இன்னொரு இடத்தில் சாம்பா_எக்ஸ்போர்ட்_ஆல்_ஆர்டபிள்யூ என்ற பூலியனை, அதாவது எஸ்இ லினக்ஸ் விதியின் சுவிட்சை, ஆன் செய்தால் போதும் என்கிறார்கள்.

பழைய சர்வர்காரர்:

இரண்டுமே வேண்டாம்.

சிஎச்கான் இப்போதைக்கு வேலை செய்யும். ஆனால் அது டிக்கெட்டை மட்டும்தான் மாற்றும், எஸ்இ லினக்ஸின் விதிகள் இருக்கும் ரெஜிஸ்டரில் எழுதாது. நாளைக்கு யாராவது 'ரெஸ்டோர்கான்' ஓட்டினாலோ முழு ரீலேபிள் நடந்தாலோ, ரெஜிஸ்டரில் என்ன இருக்கிறதோ அதற்குத் திரும்பிவிடும். ஆறு மாதம் கழித்து ஒரு ராத்திரி ஷேர் மொத்தமும் மூடிக்கொள்ளும். காரணம் உங்களுக்கு நினைவிருக்காது.

அந்தப் பூலியன் இன்னும் மோசம். அதை ஆன் செய்தால் லேபிள் எதுவாக இருந்தாலும் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சாம்பா படிக்கலாம், எழுதலாம். கோடவுனில் உள்ள எல்லாக் கட்டையும் தூக்கிக்கொள் என்று டெலிவரிக்காரரிடம் சொல்வது மாதிரி. எஸ்இ லினக்ஸ் ஓடுகிறது என்று பேருக்குக் காட்டும், சாம்பாவைப் பொறுத்தவரை காவல் இருக்காது.

சரியான வழி இரண்டே கட்டளை. முதலில் விதியை எழுதுங்கள்: 'செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்', மைனஸ் ஏ, மைனஸ் டி சாம்பா_ஷேர்_டி, பிறகு மேற்கோள் குறிக்குள் "/டேட்டா(/.*)?" என்று. கடைசியில் உள்ள அந்த அடைப்புக்குறிப் பகுதிதான் 'இந்த ஃபோல்டரும் இதற்குள் இருக்கும் எல்லாமும்' என்பதைச் சொல்வது. அதை விட்டுவிட்டால் மேல் ஃபோல்டருக்கு மட்டும் விதி இருக்கும். அப்புறம் 'ரெஸ்டோர்கான்' மைனஸ் ஆர்வி /டேட்டா, இதில் ஆர் பெரிய எழுத்து. எழுதிய விதிப்படி டிக்கெட் ஒட்டுவது இதுதான். ஒன்றை மட்டும் செய்துவிட்டு நிற்காதீர்கள். செமேனேஜ் இல்லை என்று சொன்னால் பாலிசிகோர்யூடில்ஸ்-பைத்தான்-யூடில்ஸ் என்ற பேக்கேஜைப் போடுங்கள்.

கல்லூரி லேப் பொறுப்பாளர்:

நான் மாற்றுக் கருத்து சொல்ல வந்தேன். உள் நெட்வொர்க்கில் மட்டும் இருக்கும் 11 கம்ப்யூட்டருக்கு இத்தனை பாடு தேவையா? எங்கள் லேபில் எஸ்இ லினக்ஸை அணைத்துத்தான் வைத்திருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை.

பழைய சர்வர்காரர்:

மதிப்புக்குரிய நண்பரே, 2017 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். சாம்பாவில் ஓர் ஓட்டை வெளிவந்தது. சிவிஇ எண் 2017-7494, சாம்பாக்ரை என்று பலரும் அழைத்தார்கள். 3.5.0 முதல் இருந்த எல்லாப் பதிப்புகளிலும் அது இருந்தது. எழுத அனுமதி உள்ள ஷேரில் ஒருவர் ஒரு லைப்ரரிக் கோப்பைப் போட்டு, அதை சர்வரே ஏற்றி ஓட்டும்படி செய்ய முடிந்தது. 4.6.4, 4.5.10, 4.4.14 பதிப்புகளில்தான் சரிசெய்தார்கள். அப்போது ரெட் ஹாட் வெளியிட்ட அறிவிப்பிலேயே இருந்தது: எஸ்இ லினக்ஸின் இயல்பான விதிகள், சாம்பாவின் மாட்யூல் ஃபோல்டருக்கு வெளியிலிருந்து மாட்யூல் ஏற்றுவதைத் தடுப்பதால் அந்தத் தாக்குதல் அங்கே பலிக்காது என்று. அப்டேட் போடுவதற்கு முன்பே காப்பாற்றியது அந்த விதிதான். உள் நெட்வொர்க் என்கிறீர்கள். ஒரு டிசைனரின் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தால் அது நிற்கிற இடமும் உள் நெட்வொர்க்தானே?

கூடவே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் புகுந்த ரான்சம்வேர், ஷேரில் எழுத அனுமதி உள்ள பயனரின் பெயரில் கோப்புகளைப் பூட்டினால் எஸ்இ லினக்ஸ் தடுக்காது. அது அனுமதிக்கப்பட்ட எழுத்துதான். அதற்கு மருந்து பேக்கப் மட்டுமே. தம்பி, அதையும் தள்ளிப்போடாதீர்கள். தினமும் ராத்திரி வேறொரு டிஸ்க்குக்குப் போகட்டும், அந்த டிஸ்க் ஷேரில் இருக்கக் கூடாது.

அச்சகத்துக்காரன்:

திறந்துவிட்டது அண்ணாச்சி! எஸ்இ லினக்ஸ் என்ஃபோர்சிங்கில், அதாவது முழு அமலில்தான் இருக்கிறது, 777-ஐயும் எடுத்தாயிற்று. காலையிலிருந்து டிசைனர்கள் வேலை செய்கிறார்கள். சிடிபி கம்ப்யூட்டரும் பிளேட் ஃபோல்டரில் எழுதுகிறது.

இரண்டு சிக்கல் மிச்சம். ஒன்று, பழைய டிஸ்க்கிலிருந்து மீட்ட 2023 ஃபோல்டர் என் ஹோம் ஃபோல்டரில் இருந்தது. அதை நகர்த்தும் கட்டளையான 'எம்வி' செய்து டிசைனுக்குள் போட்டேன். அது மட்டும் திறக்கவில்லை. இரண்டு, ஆல்பம் ஃபோல்டரில் டிசைனர்கள் போடும் படங்களை ஏஜென்டுகள் பிரௌசரில் பார்க்க வேண்டும். அதே சர்வரில் அப்பாச்சி வெப் சர்வர் வைத்தேன், அது மறுக்கிறது.

பழைய சர்வர்காரர்:

முதலாவது எல்லோரும் ஒரு தடவையாவது விழுகிற குழி. நகலெடுக்கும் 'சிபி' செய்தால் புதுக் கோப்பு பிறக்கிறது, சேரும் ஃபோல்டரின் லேபிளை எடுத்துக்கொள்ளும். 'எம்வி' செய்தால் பழைய லேபிள் கூடவே வரும், டிஸ்க் விட்டு டிஸ்க் போனாலும் வரும். அந்த 2023 ஃபோல்டரில் யூசர்_ஹோம்_டி ஒட்டியிருக்கும். அதன் மீது மட்டும் அதே மைனஸ் ஆர்வியுடன் ரெஸ்டோர்கான் ஓட்டுங்கள், போதும். இனி நகர்த்தும்போது எம்வியுடன் மைனஸ் பெரிய இசட் கொடுத்தால் அங்கேயே சரியான லேபிளை வைத்துவிடும். இதற்காக ஹோம் ஃபோல்டர் பூலியனை ஆன் செய்துவிடாதீர்கள், அது வேறு தேவைக்கானது.

இரண்டாவது கொஞ்சம் யோசிக்க வேண்டியது. ஒரு கோப்புக்கு ஒரே ஒரு லேபிள்தான். சாம்பா_ஷேர்_டி ஒட்டியதை அப்பாச்சி தொடாது, அப்பாச்சியின் லேபிளை ஒட்டினால் சாம்பா தொடாது. இப்படிப் பலரும் பகிர்வதற்கென்றே பப்ளிக்_கன்டென்ட்_ஆர்டபிள்யூ_டி என்ற லேபிள் இருக்கிறது. /டேட்டா/ஆல்பம் ஃபோல்டருக்கு மட்டும் அந்த லேபிளுடன் இன்னொரு செமேனேஜ் விதி சேர்த்து, ரெஸ்டோர்கான் ஓட்டுங்கள். அப்பாச்சிக்குப் படிக்க அது போதும். ஆனால் சாம்பா அதில் எழுத ஒரு பூலியன் வேண்டும்: 'செட்செபூல்' மைனஸ் பெரிய பி, எஸ்எம்பிடி_ஆனான்_ரைட், ஆன். அந்த பி இல்லாவிட்டால் அடுத்த ரீபூட்டில் போய்விடும். பெயரில் ஆனான் என்று இருந்தாலும் பாஸ்வேர்டு இல்லாதவரை உள்ளே விடாது, அதைத் தீர்மானிப்பது சாம்பாவின் கான்ஃபிக்தான்.

விதிகளின் வரிசையில் கவனம். நாமாகச் சேர்த்தவற்றில் கடைசியாகச் சேர்த்ததுதான் முதலில் பொருந்தும். /டேட்டா முன்னால், ஆல்பம் பின்னால் என்று இருப்பதால் உங்களுக்குச் சரியாக வரும். சந்தேகம் இருந்தால் 'மேட்ச்பாத்கான்' கட்டளையில் பாதையைக் கொடுங்கள், எந்த லேபிள் விழும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும்.

உபுண்டு பயனர்:

பின்னால் படிப்பவர்களுக்காக: உபுண்டுவில் இந்த வேலையைச் செய்வது ஆப்ஆர்மர். அது லேபிளைப் பார்க்காது, பாதையைப் பார்க்கும். எம்வி குழப்பம் அங்கே இல்லை. ஆனால் எஸ்எம்பிடிக்கான ப்ரொஃபைல் (அனுமதிப் பட்டியல்) அமலில் இருந்தால், ஷேர் ஃபோல்டரின் பாதை அதில் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

அச்சகத்துக்காரன்:

இரண்டும் சரியாகிவிட்டன. 2023 ஃபோல்டரை ரெஸ்டோர்கான் ஓட்டியதும் டிசைனர் ஒருவர் பழைய முருகன் காலண்டரின் லேயர் கோப்பைத் திறந்து காட்டினார். போயிற்று என்று நினைத்திருந்த கோப்பு அது. அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஏஜென்டுகள் பார்க்கும் பக்கமும் இப்போது திறக்கிறது. கொடுத்த செமேனேஜ் கட்டளைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் அச்சடித்து சர்வர் பெட்டியின் கதவுக்குள் ஒட்டியிருக்கிறேன். பேக்கப்புக்கு இன்னொரு 4 டிபி டிஸ்க் கேட்டேன், முதலாளி வெள்ளிக்கிழமை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்ததும் அதை எங்கே மவுண்ட் செய்வது என்று கேட்க மறுபடி வருகிறேன் அண்ணாச்சி.